பெயர் வெட்டி எடுக்கப்பட்ட மன்னர்: 55ஆம் கல்லறையும் 24 வயது எயர்ட்டனும்

கேள்வி இதுதான்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், எகிப்துக் கல்லறைக்குள் ஓர் இளைஞன் நுழைந்து மர்மத்தை அவிழ்க்கும் கதைகளாகவே தேடித் தேடிப் படிக்கிறான். நிஜத்தில் அப்படி யாராவது இருந்தார்களா, எந்தக் கல்லறை, மர்மம் அவிழ்ந்ததா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

இருந்தார், அம்மா. எட்வர்ட் எயர்ட்டன் என்று பெயர். 1907 ஜனவரி 6ஆம் தேதி அரசர் பள்ளத்தாக்கில் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தபோது அவருக்கு 24 வயது முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இன்று அதை 55ஆம் எண் கல்லறை என்கிறார்கள். மர்மம் பாதிதான் அவிழ்ந்திருக்கிறது. மீதிப் பாதி ஏன் அவிழவில்லை என்பதை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. எயர்ட்டன் 1882இல் சீனாவில், வூஹூ என்ற ஊரில் பிறந்தவர். தந்தை அங்கே பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. பிறகு லண்டனில் படிப்பு. 20 வயதில் எகிப்துக்குப் போய் அபிதோஸ் என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பீட்ரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அகழாய்வு கற்றுக்கொள்ள பீட்ரியைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. மற்றவர்கள் தங்கத்தையும் சிலைகளையும் தேடிக்கொண்டிருந்தபோது, உடைந்த பானை ஓட்டைக்கூடத் தூக்கி எறியாமல், எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்று எழுதிவைக்கச் சொன்னவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் வருத்தம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1905இல் எயர்ட்டனுக்கு வேறு வேலை கிடைத்தது. தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பணக்கார வழக்கறிஞர், அரசர் பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமையை வைத்திருந்தார். குளிர்காலம்தோறும் சொந்தப் படகில் நைல் நதியில் வந்து தங்குவார். செலவு அவருடையது. மேற்பார்வை எகிப்தியத் தொல்பொருள் துறையுடையது. அந்தத் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்த ஆர்தர் வைகல் என்பவரும் இளைஞர்தான், எயர்ட்டனைவிட இரண்டு வயது மூத்தவர். டேவிஸ் தமக்கென்று முழுநேரத் தொல்லியலாளர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது என்று வைகல் வற்புறுத்தினார். அப்படித்தான் எயர்ட்டன் அங்கே வந்தார். வந்த முதல் பருவத்திலேயே சிப்தா மன்னரின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

கதைகளில் நாயகன் தனியாகப் போவான், கையில் ஒரு விளக்கும் ஒரு பழைய வரைபடமும் இருக்கும். பள்ளத்தாக்கில் நடந்த வேலை அப்படியல்ல. உள்ளூர்த் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, சுண்ணாம்புக்கல் சில்லுகளைக் கூடை கூடையாக அள்ளிக் கைமாற்றிக் கொட்டுவார்கள். ரயிஸ் என்று அழைக்கப்படும் மேஸ்திரி அவர்களை நடத்துவார். எங்கே பாறை இயற்கையாக உடைந்திருக்கிறது, எங்கே உளி பட்டிருக்கிறது என்பது அந்த மனிதர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். நாளெல்லாம் தூசு, வெயில், சில்லு. ஓவியர் ஜோசப் லிண்டன் ஸ்மித் அந்தக் கூட்டத்தோடு தங்கியிருந்தவர். எயர்ட்டன் இரவில் கெட்ட கனவு கண்டு சீன மொழியில் அலறுவார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறந்த ஊரின் மொழி தூக்கத்தில் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இந்தச் சின்னக் குறிப்பைப் படித்த பிறகுதான் எயர்ட்டன் எனக்கு வெறும் பெயராக இல்லாமல் ஒரு பையனாகத் தெரிந்தார்.

சரி, கல்லறைக்கு வருவோம். ஒன்பதாம் ராம்செஸ் மன்னரின் கல்லறைக்குத் தெற்கே இருந்த சில்லு மேட்டை எயர்ட்டனின் ஆட்கள் அகற்றிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்கில் முதலில் பெரிய சாடிகள் சில கிடைத்தன. அவை அந்த ராம்செஸின் வம்சமான 20ஆம் வம்சக் காலத்தவை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கும் கீழே, பாறையில் சதுரமாக வெட்டப்பட்ட ஒரு மூலை தெரிந்தது. தோண்டத் தோண்டப் படிகள் வந்தன, 20க்கும் மேல். படிகளின் அடியில் வாசல், அதை அடைத்த கற்சுவர். அந்தச் சுவரிலேயே ஒரு விஷயம் இருந்தது. முதலில் ஒழுங்காகக் கட்டிய அடைப்பு பாதி இடிக்கப்பட்டிருந்தது. அதன்பிறகு கற்களை ஏதோ அவசரத்தில் அடுக்கி மறுபடி மூடியிருந்தார்கள். அதாவது, புதைத்துவிட்டுப் போனவர்களுக்குப் பிறகு, பழங்காலத்திலேயே இன்னொரு கூட்டம் உள்ளே போய் வந்திருக்கிறது.

உள்ளே சரிவான நடைவழி. அதில் பாதி உயரத்துக்குக் கற்சில்லுகள். அந்தச் சில்லுகளின் மேல், தங்கரேக்கு போர்த்திய பெரிய மரப்பலகை ஒன்று கிடந்தது. அரசக் கல்லறைகளில் சவப்பெட்டியைச் சுற்றி ஒரு பெரிய மரக்கூடு நிறுத்துவார்கள். அதன் ஒரு பக்கம்தான் இது. தொட்டால் தங்கம் உதிர்ந்துவிடும் நிலை. அதனால் அதற்கு மேலே குறுகலான பலகை ஒன்றைப் பாலமாகப் போட்டு, ஒவ்வொருவராக ஊர்ந்து கடந்தார்கள். ஜனவரி 9ஆம் தேதி டேவிஸ், வைகல், ஓவியர் ஸ்மித், எயர்ட்டன் ஆகியோர் உள்ளே போனார்கள்.

நடைவழி முடிந்ததும் ஒரே ஓர் அறை. சுவரில் ஓவியம் எதுவும் கிடையாது. எழுத்தும் கிடையாது. தரையெங்கும் மரக்கூட்டின் மற்றப் பாகங்கள், பெட்டிகள், உடைசல்கள். விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் தங்கரேக்கு மின்னியது. ஒரு பக்கச் சுவரில் மாடம் போன்ற பள்ளம். அதில் நான்கு உள்ளுறுப்புக் குடுவைகள். மம்மி செய்யும்போது எடுக்கும் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை வைக்கும் குடுவைகள் இவை. மூடிகள் நான்கும் பெண் முகங்கள். எகிப்தியக் கலையில் இவ்வளவு அழகான முகங்கள் அரிது என்பது என் எண்ணம். இப்போது மூன்று கெய்ரோவில் இருக்கின்றன. ஒன்று டேவிஸின் பங்காகப் போய் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாடத்துக்கு முன்னால் கிடந்தது சவப்பெட்டி. மனித உருவில் செய்து, உடல் முழுக்க இறகு இறகாகத் தங்கமும் வண்ணக் கண்ணாடியும் கல்லும் பதித்தது. சிங்கத் தலை வைத்த கட்டிலில் அதை வைத்திருந்தார்கள். கூரையில் ஒரு விரிசல். அதன் வழியே பல நூற்றாண்டுகளாக ஈரம் இறங்கி, கட்டில் மக்கிப்போய், பெட்டி தரையில் விழுந்து, மூடி விலகி, மம்மியின் தலை வெளியே தெரிந்தது.

பெட்டியின் முகத்தில் தங்கத்தைப் புருவத்துக்குக் கீழே பிய்த்து எடுத்திருந்தார்கள். பெயர் எழுதிய இடங்களையெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள். எகிப்தில் மன்னர் பெயரை முட்டை வடிவ வளையத்துக்குள்தான் எழுதுவார்கள். அந்த வளையத்துக்குள் இருந்தது மட்டும் போய்விட்டது. கொள்ளையர் செய்திருந்தால் மொத்தத் தங்கத்தையும் உரித்துக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே தங்கத்தை விட்டுவிட்டுப் பெயரையும் முகத்தையும் எடுத்திருக்கிறார்கள். பெயர் அழிந்தால் செத்தவருக்கு மறு உலகிலும் இருப்பு கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. செத்த பிறகும் ஒருவரைத் தண்டித்திருக்கிறார்கள். யாரை?

டேவிஸுக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. மரக்கூட்டில் தியே அரசியின் பெயர் இருந்தது. மூன்றாம் அமென்ஹோதெப் மன்னரின் பட்டத்தரசி. அகெனாத்தனின் தாய். மம்மியின் இடக்கை மார்பில் மடிந்தும் வலக்கை நீட்டியும் இருந்தது. அது பெண்களை வைக்கும் முறை. தலையில் தங்கக் கழுகு ஒன்று வளைந்து கிடந்தது. அதை அரசியின் கிரீடம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது மார்பில் அணியும் பதக்கம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரான லக்சரில் இருந்த இரண்டு மருத்துவர்கள் வந்து, இடுப்பெலும்பைப் பார்த்துப் பெண் என்று சொல்லிவிட்டார்கள். சரி, தியே அரசி கிடைத்துவிட்டார்!

இந்தக் கட்டத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனக்கும். டேவிஸே எழுதியிருக்கிறார்: மம்மியின் முன்பல் ஒன்றை மெல்லத் தொட்டாராம், அது தூளாகிவிட்டதாம். அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பல்லே போதுமான சாட்சி. மரக்கூட்டின் தங்கரேக்கு வெளிக்காற்று பட்டு உதிர்ந்து பறந்தது. அதில் இருந்த உருவங்கள் பலவற்றுக்கு அன்று எடுத்த படங்களும் பிரதிகளும்தான் இன்று சாட்சி. மம்மியின் துணிச்சுற்று கையோடு வந்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த தங்கத் தகடுகளில் என்ன எழுதியிருந்தது என்று ஒழுங்கான குறிப்பு இல்லை. சில வாரங்களில் கல்லறை காலி. இதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து, கிட்டத்திலேயே துட்டன்காமுன் மன்னரின் கல்லறையைத் திறந்த ஹவர்ட் கார்ட்டர், அதைக் காலி செய்யப் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டார். அது அளவில் பெரிய குவியல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வித்தியாசம் பொருள்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

டேவிஸ் 1910இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அட்டையிலேயே ‘தியே அரசியின் கல்லறை’ என்று பெயர். அதில் எயர்ட்டன் எழுதிய அகழாய்வு விவரம் சில பக்கங்கள்தான். எந்தப் பொருள் அறையின் எந்த மூலையில் எதன்மேல் கிடந்தது என்று தெரிந்துகொள்ள, இன்றைய ஆய்வாளர்கள் டேவிஸோடு படகில் பயணம் செய்த எம்மா ஆண்ட்ரூஸ் அம்மையாரின் நாட்குறிப்பு, வைகலின் கட்டுரைகள், ஓவியரின் முதுமைக்கால நினைவுகள் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கின்றன. பீட்ரியிடம் கற்றவருக்கு இப்படிச் செய்யக்கூடாது என்று தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் சம்பளம் வாங்கும் 24 வயதுக்காரர். சம்பளம் கொடுப்பவருக்கு விடை முன்பே தெரிந்துவிட்டது. எயர்ட்டனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மர்மம் இன்றைக்கும் தீராமல் நிற்பதற்கு அந்தச் சில வாரங்கள்தான் காரணம் என்பதை மறைக்கவும் முடியாது.

1907ஆம் ஆண்டிலேயே எலும்புகள் கெய்ரோவுக்குப் போயிருந்தன. அங்கே உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த எலியட் ஸ்மித் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். கல்லறையில் கிடைத்த எலும்புகளைத்தானா அனுப்பியிருக்கிறீர்கள் என்று வைகலைக் கேட்டார். ஏனென்றால் வந்திருந்தது வயதான பெண்ணின் எலும்பு அல்ல. இளம் ஆணின் எலும்பு. வயது சுமார் 25. டேவிஸ் இதை ஏற்கவில்லை. புத்தகத்தின் தலைப்பும் மாறவில்லை.

அப்படியானால் யார் இந்த ஆண்? தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பின்னணி கொஞ்சம் வேண்டும். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் நான்காம் அமென்ஹோதெப் என்று பட்டத்துக்கு வந்தவர், பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு, ஆத்தென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் சொன்னார். பெயரையும் அகெனாத்தன் என்று மாற்றிக்கொண்டார். தலைநகரைத் தீப்ஸிலிருந்து (இன்றைய லக்சர்) எடுத்து, இன்று அமர்னா எனப்படும் பாலைநிலத்தில் புதிதாகக் கட்டினார். சுமார் 17 ஆண்டு ஆட்சி. அவர் இறந்ததும் எல்லாம் தலைகீழானது. துட்டன்காமுன் காலத்தில் பழைய தெய்வங்கள் திரும்பி வந்தன. தலைநகரும் திரும்பியது. அடுத்த தலைமுறைகளில் அகெனாத்தனின் பெயரைக் கோயில்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள். மன்னர் பட்டியலிலேயே அவர் இல்லை.

இப்போது கல்லறைப் பொருள்கள். மரக்கூடு, அகெனாத்தன் தன் தாய் தியேவுக்காகச் செய்தது. அதில் தியேவின் உருவம் இருக்கிறது. மகனின் உருவம் சுரண்டப்பட்டிருக்கிறது. அப்புறம் நான்கு மந்திரச் செங்கற்கள். இறந்தவரைக் காக்க அறையின் நான்கு பக்கமும் வைப்பவை. இரண்டில் அகெனாத்தனின் அரியணைப் பெயர் இருந்தது. இது மிக முக்கியமான தடயம் என்று நினைக்கிறேன். நாற்காலி, பெட்டி போன்றவற்றை இன்னொருவர் கல்லறையிலிருந்து எடுத்துவந்து வைக்கலாம். இந்தச் செங்கற்கள் அப்படியல்ல, இங்கே கிடப்பவர் இன்னார் என்று நம்பியவர்கள் வைத்தவை. பிறகு சின்னக் களிமண் முத்திரைகள். அவற்றில் துட்டன்காமுன் பெயர். ஆக, இந்தப் புதைப்பு அவர் ஆட்சியில் நடந்திருக்கிறது.

சவப்பெட்டிதான் எல்லாவற்றையும்விடச் சுவாரசியம். அது முதலில் ஒரு பெண்ணுக்காகச் செய்யப்பட்டது. பிறகுதான் மன்னருக்காகத் திருத்தியிருக்கிறார்கள். தாடி சேர்த்தார்கள், நெற்றியில் நாகம் சேர்த்தார்கள். எழுத்தையும் திருத்தினார்கள். எகிப்திய மொழியிலும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறுவேறு விகுதிகள் உண்டு. நாம் ‘வந்தாள்’ என்று எழுதியதை ‘வந்தான்’ ஆக்க ளகரத்தை மட்டும் பிய்த்துவிட்டு னகரத்தை ஒட்டுவோமே, அதேபோல் தங்கத் தகட்டில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மண்ணடியில் 3,000 ஆண்டுக்கு மேல் கிடந்த ஓர் இலக்கணத் திருத்தம்! பாதத்தில் ஒரு பிரார்த்தனை இருக்கிறது. அன்புக்குரியவரின் வாயிலிருந்து வரும் இனிய மூச்சைச் சுவாசிக்க வேண்டும், தினமும் அவர் அழகைக் காண வேண்டும் என்று ஒரு பெண் வேண்டும் பிரார்த்தனை அது. முதல் உரிமையாளர் அகெனாத்தனின் இன்னொரு மனைவியான கியா என்று 1960களில் ரஷ்ய ஆய்வாளர் பெரெபெல்கின் வாதிட்டார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான். உள்ளுறுப்புக் குடுவைகளும் கியாவுக்காகச் செய்தவையே. அவற்றிலும் எழுத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். பெட்டியில் பெயர்தான் போயிற்று. பட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ‘வாய்மையில் வாழ்பவர்’ என்ற பட்டம் அகெனாத்தனுக்கே உரியது. பெயரை வெட்டியவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லையோ, நேரம் இல்லையோ.

இந்தப் பெட்டியின் கீழ்ப்பாதியில் இருந்த தங்கத் தகடுகள் கெய்ரோவிலிருந்து காணாமல் போய், பிறகு ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியகத்தில் வந்து சேர்ந்தன. அங்கே சீர்செய்து 2002இல்தான் எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமுறை சிதறிய பெட்டி இரண்டாம் முறையும் சிதறியது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடந்தது ஏறக்குறைய இப்படி இருக்கும். அமர்னாவைக் கைவிட்டபோது, அங்கே புதைத்திருந்த அரச குடும்பத்தாரைத் துட்டன்காமுன் ஆட்கள் தீப்ஸுக்குக் கொண்டுவந்து, வேலை முடியாத ஒரு சின்னக் கல்லறையில் தியேவையும் இந்த ஆணையும் வைத்தார்கள். காலம் மாறியது. யாரோ மறுபடி திறந்து, மதிப்புக்குரிய அரசியை மட்டும் வேறு இடத்துக்கு எடுத்துப்போனார்கள். அவருடைய மரக்கூட்டையும் எடுக்கப் பார்த்தார்கள். சில்லு நிறைந்த நடைவழியில் அது மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டார்கள். மிஞ்சிய மன்னரின் முகத்தைப் பிய்த்து, பெயரை வெட்டி, கற்களை அடுக்கி மூடிவிட்டுப் போனார்கள். நடைவழியில் கிடந்த பலகையும் இரண்டு முறை அடைத்த வாசலும் இதற்குப் பொருந்துகின்றன.

பொருள்கள் எல்லாம் அகெனாத்தனைக் காட்டுகின்றன. எலும்பு ஒத்துழைக்க மறுக்கிறது. நீள எலும்புகளின் நுனிகள் வளரும் வயதில் தனியாக இருக்கும். இருபதுகளில் தண்டோடு முழுதும் ஒட்டிக்கொள்ளும். இதைவைத்து வயது சொல்லலாம். 1963இல் ஹாரிசன் என்ற உடற்கூற்றியலாளர் மறுபடி ஆராய்ந்து 25க்குக் கீழ் என்றார். வேறு சிலரும் இருபதை ஒட்டியே சொன்னார்கள். 17 ஆண்டு அரசாண்டு, ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே மகள்களைப் பெற்ற அகெனாத்தன் 22 வயதில் இறந்திருக்க முடியாது. அதனால் அவருக்குப் பின் சிறிது காலம் ஆண்ட ஸ்மென்க்கரே என்ற மன்னரே இவர் என்று பலர் சொன்னார்கள், சொல்கிறார்கள். மண்டையோடு துட்டன்காமுனுடையதைப் போலவே அகலமானது. 1969இல் இருவருக்கும் ஒரே இரத்த வகை என்றும் தெரிந்தது. உறவு உறுதி. ஆனால் அண்ணனா, அப்பாவா?

2010இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸின் குழுவினர் அரச மம்மிகளின் டி.என்.ஏ. முடிவுகளை வெளியிட்டார்கள். 55ஆம் கல்லறை ஆண், துட்டன்காமுனின் தந்தை. மூன்றாம் அமென்ஹோதெப்புக்கும் தியேவுக்கும் பிறந்த மகன். ஸ்கேன் பார்த்த அதே குழு வயது 35 முதல் 45 வரை என்றது. செய்தித்தாள்கள் அகெனாத்தன் கிடைத்துவிட்டார் என்று எழுதின. எலும்பு ஆய்வாளர்கள் பலர் அந்த வயதை ஏற்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், டி.என்.ஏ. உறவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. இவர் தியேவின் மகன் என்பதை ஏற்கலாம். எந்த மகன் என்பதற்குச் செங்கற்களும் பட்டங்களும் அகெனாத்தன் என்கின்றன. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் எலும்பின் வயதை நம்புபவர்களோடு சண்டை போட என்னிடம் ஆயுதம் இல்லை. அந்த ஆயுதம் 1907இல் அறையிலேயே இருந்திருக்கலாம். மம்மியைச் சுற்றிய தங்கத் தகட்டில் ஒரே ஒரு பெயரைச் சரியாகப் படித்துப் பிரதி எடுத்து வைத்திருந்தால் போதும்.

அந்த 2010 ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 1898இல் விக்டர் லோரே என்ற பிரெஞ்சுக்காரர் அதே பள்ளத்தாக்கில் 35ஆம் கல்லறையைத் திறந்தபோது, பக்க அறையில் பெயரில்லாத ஒரு மூதாட்டியின் மம்மி கிடந்தது. நீண்ட அலை அலையான கூந்தல். துட்டன்காமுன் கல்லறையில் தியேவின் பெயர் எழுதிய குட்டிப் பேழைக்குள் ஒரு முடிக்கற்றை இருந்தது. 1970களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்றார்கள். டி.என்.ஏ. அதை உறுதிசெய்தது. அவர்தான் தியே. டேவிஸ் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த நாளில், அவர் அதே பள்ளத்தாக்கில், நடந்து போகும் தூரத்தில், திறந்து ஒன்பது ஆண்டு ஆன கல்லறையில்தான் படுத்திருந்தார்.

சாபம் எதுவும் உண்டா என்று உங்கள் மகன் நிச்சயம் கேட்பான். இல்லை என்று சொல்லுங்கள். கூரை விரிசல் வழியே வந்த ஈரம், திடீரென்று பட்ட காற்று, மனிதர்களின் அவசரம், இவ்வளவுதான் அங்கே வேலை செய்தவை.

எயர்ட்டனின் மீதிக் கதை சின்னது. 1908இல் ஹோரெம்ஹெப் மன்னரின் பெரிய கல்லறையைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டேவிஸின் வேலையை விட்டார். மறுபடி அபிதோஸ் பக்கம், தோண்டக் கற்றுக்கொண்ட மண்ணுக்கே போனார். 1912இல், அதுவரை இலங்கைத் தொல்லியல் ஆணையராக இருந்த பெல் ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பொறுப்பை ஏற்றார். வயது முப்பதை எட்டாத ஒருவரிடம் அனுராதபுரமும் பொலன்னறுவையும் இருந்த ஒரு தீவின் தொல்லியலே ஒப்படைக்கப்பட்டது. யாருடைய படகுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. யாருடைய தலைப்புக்கும் ஏற்றபடி எழுத வேண்டியதில்லை. பீட்ரியிடம் கற்றதை அவர் தன் விருப்பப்படி செய்யும் காலம் அப்போதுதான் தொடங்கியது.

1914 மே 18ஆம் தேதி, தெற்கே திஸ்ஸமகாராமையில் உள்ள திஸ்ஸ வாவிக்கு வேட்டைக்குப் போனவர் அந்தப் பழங்காலக் குளத்தில் மூழ்கி இறந்தார். வயது 31. துட்டன்காமுனின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர், எட்டு ஆண்டு கழித்து அந்த மன்னரின் கல்லறை திறந்ததைப் பார்க்க இருக்கவில்லை.